அந்தியில் ஒலித்த காலை முரசு

முன்னொரு காலத்தில், யாரும் அழைக்காமலே வெயில் வந்து வீட்டுக்கு வீடு சட்டமாக உட்கார்ந்துகொள்ளும் ஒரு நாட்டில், செங்கதிர்வர்மர் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல அரசர்தான். வரி குறைவு, கோபமும் குறைவு, சிரிப்பு மட்டும் தாராளம். ஆனால் அவரிடம் ஒரு பலவீனம் உண்டு. ‘இப்படி ஒன்று வேறு எந்த ராஜாவிடமும் இல்லை’ என்று யாராவது காதில் போட்டுவிட்டால் போதும், அந்தப் பொருள் வந்து சேரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அரண்மனையின் செப்புக் கூரை.

யோசனை சொன்னவர் பூவராகர். அரண்மனைக் கட்டடங்களுக்கெல்லாம் அதிகாரி அவர். “அரசே, தாங்கள் சூரிய குலத்தவர். தங்கள் மாளிகையும் சூரியனைப் போலவே தகதகக்க வேண்டாமா? பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுச் செப்புத் தகடு வேய்ந்தால், பத்து ஊருக்கு அப்பால் நிற்பவனும் கையெடுத்துக் கும்பிடுவான்” என்றார். வேலை மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலத்தில் முடிந்தது. கூரை தகதகத்தது. அரசர் பூவராகருக்கு முத்துமாலை போட்டார். பங்குனி பிறந்ததும்தான் தெரிந்தது, மாளிகை சூரியனைப் போல மின்னுவது மட்டுமல்ல, சூரியனைப் போலவே சுடவும் செய்கிறது என்று.

சித்திரையில் சபா மண்டபம் அடுப்பங்கரை ஆகிவிட்டது. அரசரின் முதுகெல்லாம் வேர்க்குரு. சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார முடியாமல், பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல நுனியில் உட்கார்ந்து நியாயம் வழங்கினார். பூவராகர் சும்மா இருப்பாரா? மண்டபம் நிறைய விசிறிக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். விசிறியவர்களுக்கு வியர்த்தது. அவர்களுக்கு விசிற வேறு ஆட்களை நிறுத்தினார். அத்தனை பேர் மூச்சும் சேர்ந்து மண்டபம் இன்னும் கொதித்தது. ஆட்கள் தங்குவதற்கு என்று அரண்மனைக் கொல்லையில் துணி உலர்த்தும் களத்தை வளைத்துக் கொட்டகை போட்டதில், சலவைக்காரி காத்தாயியும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“அரமன அழுக்கு அம்புட்டும் எந்தலையில. தொவச்சுப் போட்டுருவேன், எங்கனக்குள்ள காயப் போடுறது? என் தலமேலயா?”

அந்தப் பக்கமாக வந்த அரசவை விகடன் அம்பலவாணன் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அன்று அவன் செய்த தவறு, வியர்க்காமல் வந்ததுதான். சபையில் எல்லோர் நெற்றியிலும் சந்தனம் கரைந்து மூக்கு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அம்பலவாணன் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது. வேர்க்குரு வந்த மனிதருக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

“அம்பலவாணா, உனக்கு மட்டும் வெயில் விலக்கு அளித்திருக்கிறதா?”

நாக்கைச் சும்மா வைத்திருந்தால் அவன் விகடன் ஆகியிருக்க மாட்டான். “அரசே, அடியேன் வீடு ஏழை வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை. வெயில் பெரிய இடத்துப் பிள்ளை அல்லவா? செப்புக் கூரை இருக்கும் வீடாகப் பார்த்துத் தங்குகிறது. எங்கள் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை.”

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். பூவராகர் சிரிக்கவில்லை. செப்புக் கூரையைப் பற்றி அரண்மனையில் இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. இந்த விகடன்மேல் அவருக்கு ஏற்கெனவே புகைச்சல் உண்டு. தாம் ஆண்டெல்லாம் கட்டி எழுப்பி வாங்கும் பாராட்டை, இவன் ஒரு வாக்கியத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறானே என்று. அவர் எழுந்து, குனிந்து, தேன் குரலில் சொன்னார்.

“அரசே, இத்தனை குளிர்ச்சியான வீடு ஊருக்குள் இருக்கும்போது தாங்கள் ஏன் இங்கே அவதிப்பட வேண்டும்? கோடை முடியும்வரை அம்பலவாணர் இல்லத்தில் எழுந்தருளலாமே! அவர் குடும்பம் தங்க யானைக் கொட்டடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருக்கிறது.”

அரசர் துள்ளி எழுந்தார். “அருமை! வருகிற வெள்ளிக்கிழமை நாம் அங்கே குடிபோகிறோம். அம்பலவாணா, உனக்குச் சம்மதம்தானே?”

அரசர் ‘சம்மதம்தானே’ என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அம்பலவாணனுக்கோ வேறொரு கவலை. அவன் மகள் செங்கமலம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். நிறைமாதம். வண்டி வந்து சேரும் நாளும் அதே வெள்ளிக்கிழமை. பிள்ளை பெறுவதற்கு என்று தாய்வீடு தேடி வருகிறவளைத் தகரக் கொட்டகையிலா படுக்க வைப்பது? அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். அரசர் மனம் இரங்கியும் இருப்பார். ஆனால் கெஞ்சி மீட்ட வீடு அடுத்த சித்திரையில் மறுபடியும் கைமாறும். அவரே ‘வேண்டாம்’ என்று சொல்லும்படி செய்தால்தான் வீடு வீடாக இருக்கும். இது அவனுக்குத் தெரியும்.

“சம்மதத்துக்கென்ன அரசே, அடியேன் பாக்கியம். ஆனால் ஊர் என்ன சொல்லும்? ‘வெயில் துரத்த, அரசர் ஓடிவிட்டார்’ என்று சொல்லாதா? சூரிய குலத்தவர் சூரியனுக்குப் பயந்து ஓலைக் குடிசைக்குள் ஒளிவது அழகா? அதைவிட, இந்த மாளிகையையே என் வீட்டைப்போலக் குளிர வைத்துவிடுகிறேனே!”

அரசர் மீசையைத் தடவினார். ‘ஓடிவிட்டார்’ என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. பூவராகர் விடவில்லை.

“செய்யட்டும் அரசே. ஆனால் கஜானாவிலிருந்து செல்லாக்காசும் கேட்கக் கூடாது. கூரையில் ஒரு தகட்டைக்கூடக் கழற்றக் கூடாது. குலமரபும் மாறக் கூடாது. மேல்மாடத்து முரசு ஒலித்தால் சாளரங்கள் அனைத்தும் திறக்க வேண்டும், சங்கு ஒலித்தால் அனைத்தும் சாத்த வேண்டும். தங்கள் பாட்டனார் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. இதில் இம்மியும் பிசகக் கூடாது.”

“நியாயம்தான்” என்றார் அரசர். “வெள்ளிக்கிழமை காலையில் உன் வீட்டில் ஓர் உருண்டை வெண்ணெய், என் சிம்மாசனத்துப் படியில் ஓர் உருண்டை வெண்ணெய். உச்சிவேளையில் பார்ப்போம். இங்குள்ளது உருகி, அங்குள்ளது உருகாமல் இருந்தால் நான் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவேன். அதுவரை அரண்மனைப் பணியாளர்கள் உன் சொல் கேட்பார்கள்.”

அம்பலவாணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வந்த பிறகுதான், வாய் எத்தனை பெரிய வேலையை ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது என்று மண்டைக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. கூடத்தில் அவன் மனைவி செண்பகம், வரப்போகும் பேரப்பிள்ளைக்காகப் பழைய வேட்டியைக் கிழித்து மெத்தென்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. மனப்புழுக்கத்தில் மேற்குப்பக்கச் சன்னலைத் தள்ளித் திறந்தான்.

“ஐயோ, என்ன பண்றீங்க?” என்று செண்பகம் பாய்ந்து வந்து சாத்தினாள். “உச்சி வெயில்ல சன்னலத் தொறந்தா, வெளிய போற வெக்கைய வெத்தல பாக்கு வச்சு உள்ள கூப்பிட்ட மாதிரி இல்ல? காலையில கருக்கல்லயே எல்லாத்தையும் சாத்தி வச்சிருக்கேன். சாயந்தரம் காத்து குளிர்ந்ததும் தொறந்துக்கலாம். இது கூடத் தெரியாமயா இத்தன வருஷம் குடித்தனம் பண்ணீங்க?”

“நான் வரும்போதெல்லாம் வீடு குளிர்ந்தே இருந்ததா, அது தானா குளிருதுன்னு நெனச்சேன்.”

“தானா குளிருமாம்! ஈரத் துணிய நனச்சு நனச்சு வாசல்ல தொங்கவிட்டு என் கை தேயுது. அரமனையில போயி ஏழை வீடு, ஓலைக் கூரைன்னு பெரும பேசிட்டு வருவீங்க. அந்த ஓலைக்குக் கீழ ஒருத்தி மாங்கு மாங்குன்னு வேல செய்யறான்னு சொல்ல மாட்டீங்க.”

பெருமை பேசியது எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை சங்கதியைச் சொன்னான். செண்பகம் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“எம்பொண்ணு இந்த வீட்டுலதான் பெத்தெடுப்பா. ராசா வந்தாலும் சரி, ராசாவோட தாத்தா வந்தாலும் சரி. போயி ஏதாவது வழியப் பாருங்க.”

“வழிதான் நீ சொல்லிட்டியே!” என்று எழுந்தான் அம்பலவாணன். “அரமனையில தலகீழா பண்றாங்க செண்பகம். பொழுது விடிஞ்சதும் முரசடிச்சு எல்லாச் சன்னலையும் தொறந்து வெயில உள்ள விடறாங்க. பொழுது சாஞ்சதும் சங்கூதி, அத்தன வெக்கையையும் உள்ள வச்சுப் பூட்டிடறாங்க.”

“அப்ப சன்னல மாத்திச் சாத்தச் சொல்லுங்க.”

“சன்னலத் தொட முடியாது, வழக்கம்னு கட்டிப் போட்டிருக்கார் பூவராகர். ஆனா முரசக் கட்டிப் போடலியே!”

அன்று அந்தியில், சூரியன் விழுந்து, வழக்கம்போல் சங்கு ஊதிச் சாளரங்கள் சாத்தப்பட்டு, ஆற்றங்கரைக் காற்று லேசாக எழுந்த நேரத்தில், மேல்மாடத்தில் ‘திம் திம்’ என்று முரசு முழங்கியது.

அரண்மனைப் பணியாளர்கள் பரம்பரை பரம்பரையாக முரசைக் கேட்டு எழுந்து, சங்கைக் கேட்டுப் படுத்தவர்கள். வானத்தைப் பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. முரசு கேட்டதும் ஓடிப்போய்ச் சாளரங்களை எல்லாம் மடமடவென்று திறந்தார்கள். சமையற்கட்டில் வெண்பொங்கலுக்கு அரிசி களைந்தார்கள். புரோகிதர் இன்னொரு முறை குளித்தார். வீட்டில் கண்ணயர்ந்திருந்த பூவராகர், சபைக்கு நேரமாகிவிட்டது என்று தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே ஓடிவந்தவர், நடுவழியில் நிலாவைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

அரசர் முன் போய் அவர் குதித்த குதி இருக்கிறதே! “அரசே, மரபைக் கெடுத்துவிட்டான்! காலை முரசை மாலையில் அடித்திருக்கிறான்!”

“அம்பலவாணா, என்ன இது?” என்றார் அரசர். அவர் முன்னால் ஆவி பறக்க வெண்பொங்கல் இருந்தது. அதனால் கோபம் கொஞ்சம் தள்ளியே நின்றது.

“அரசே, முரசு ஒலித்தது, சாளரங்கள் திறந்தன. நாளை விடியலில் சங்கு ஒலிக்கும், அவை சாத்தப்படும். பூவராகர் சொன்னதில் இம்மியும் பிசகவில்லை. எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே.”

“சொல்ல வேண்டுமா? சூரிய பகவான் இந்தக் குலத்தின் மூத்தவர்! அவரை வரவேற்கத்தானே காலையில் சாளரங்களைத் திறக்கிறோம்!” என்று பூவராகர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அம்பலவாணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “அதைத்தான் நானும் கேட்க வந்தேன் அரசே. நம் வீட்டுப் பெரியவர் காலையில் எங்கே போகிறார்? வேலைக்குப் போகிறார். பகல் முழுவதும் உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு, மாலையில் களைத்துப்போய்ச் சிவந்த முகத்தோடு திரும்புகிறார். வீட்டுப் பெரியவர் வேலைக்குப் புறப்படும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, திரும்பி வரும் நேரம் பார்த்து முகத்தில் அறைந்தாற்போல் சாத்துகிறோமே! எந்தக் குலத்தில் இப்படி ஒரு மரியாதை உண்டு? பாவம், இத்தனை ஆண்டுகளாக அவர் வெளியிலேயே படுத்திருக்கிறார். அந்தக் கோபத்தைத்தான் பகலில் கூரைமேல் காட்டுகிறார்.”

அரசர் ஒரு வாய் பொங்கலை விழுங்கிவிட்டுச் சாளரத்தைப் பார்த்தார். ஆற்றுக் காற்று உள்ளே வந்து திரைச்சீலையை அசைத்தது. அவருடைய முதுகையும் தடவியது. இத்தனை நாளில் முதல்முறையாக அவர் சிம்மாசனத்தில் சாய்ந்தார்.

“பெரியவர் உள்ளே வரட்டும்” என்றார். “பூவராகரே, பொங்கல் சாப்பிடுகிறீரா?”

மறுநாள் விடியலில் சங்கு ஊதியது. இரவுக் குளிர்ச்சி உள்ளே இருக்கச் சாளரங்கள் சாத்தப்பட்டன. காவலர்கள்தாம் பாவம், திறந்த சாளரங்களுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகக் காவல் காத்தார்கள். மண்டபம் கொஞ்சம் இருட்டுத்தான். வரி பாக்கிக்காரர்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

ஆனால் வெயில் ஏற ஏற, கூரையிலிருந்து அனல் இறங்கத் தொடங்கியது. அம்பலவாணன் நேரே காத்தாயியிடம் போனான்.

“காத்தாயி, துணி உலர்த்த இடம் கேட்டாயே, அரண்மனையிலேயே பெரிய இடம் ஒன்று தரட்டுமா?”

“எங்கன இருக்கு சாமி?”

அவன் மேலே கையைக் காட்டினான். காத்தாயி அண்ணாந்து பார்த்தாள். செப்புக் கூரை கண்ணைப் பறித்தது. “அடியாத்தி, ராசா தலமேலயா?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “வெரசாக் காஞ்சிரும்” என்றாள்.

“காயவே விடக் கூடாது. அதுதான் உன் வேலை. வெள்ளைத் துணியாகப் பார்த்து விரி. காயக் காயத் தண்ணீர் தெளிக்க ஆள் தருகிறேன்.”

விசிறிக்காரர்கள் கையிலிருந்த விசிறிகள் போய்க் குடங்கள் வந்தன. பகலெல்லாம் மண்டபத்தில் நின்று மூச்சு விட்டவர்கள், பந்தி பந்தியாக ஏணியில் நின்று தெப்பக்குளத்துத் தண்ணீரை மேலே கைமாற்றினார்கள். சம்பளம் அதே சம்பளம். பத்து ஊருக்கு அப்பாலிருந்து கும்பிட வேண்டிய கூரைமேல், சேனாதிபதியின் வேட்டியும் புரோகிதரின் அங்கவஸ்திரமும் அரசரின் படுக்கை விரிப்பும் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்தன. கீழே மண்டபத்தில் அரசர் மத்தியானத் தூக்கம் போட்டார்.

பூவராகர் வாசலில் நின்று மேலே பார்த்தார். தம்முடைய வெண்பட்டு வேட்டிகள், மேல்மாடத்து முரசு மண்டபத்துக்குக் கூரைமேல் போகும் வழியில், குதிரைக்காரன் துண்டுக்குப் பக்கத்தில் கிடப்பதைக் கண்டார். அவருக்கு ரத்தம் கொதித்தது.

“என் பட்டு, கண்டவன் துணியோடு கிடப்பதா? எடு முதலில்! என் வீட்டுத் துணி ஒன்றுகூட அங்கே இருக்கக் கூடாது!”

“எடுத்துப்புட்டா அந்த எடம் மொட்டையாக் கெடக்குமே சாமி” என்றாள் காத்தாயி.

“கிடக்கட்டும்!”

கிடந்தது. முரசு மண்டபத்துக்குப் போகும் வழி முழுவதும் செம்பு வெறுமையாக மின்னிக்கொண்டு கிடந்தது. அம்பலவாணன் அதைக் கவனித்தான். வேறு துணி விரிக்கலாமா என்று காத்தாயி கேட்டபோது, “வேண்டாம், பூவராகர் இடம் பூவராகருக்கே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் செங்கமலத்தின் வண்டி வாசலில் வந்து நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், வீட்டுக்குள் ஒரு காவலன் வெண்ணெய் உருண்டைக்குக் காவல் நிற்பதைப் பார்த்து, “என்னம்மா இது, வெண்ணெய்க்கெல்லாம் சேவகமா?” என்று கேட்டாள். செண்பகம் சிரித்து மழுப்பினாள். அம்பலவாணன் மகள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தவன், அரண்மனைவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடிக்கு வாய் அடைத்துப் போகும் நாளும் உண்டு.

சிம்மாசனத்துப் படியில் வாழையிலைமேல் வெண்ணெய் வைக்கப்பட்டிருந்தது. சபையினர் மூச்சையே மெதுவாக விட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. வெண்ணெய் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் உருகவில்லை.

பூவராகரும் பார்த்தார். இன்னும் சிறிது நேரம் போனால் தம் பிழைப்பு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. முரசு ஒலித்தால் சாளரங்கள் திறக்க வேண்டும். இதைத்தானே அந்த விகடன் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்? இப்போது, இந்த உச்சிவேளையில், முரசு ஒலித்தால்? நெருப்புக் காற்று உள்ளே புகும். வெண்ணெய் நெய்யாகும்.

யாரும் அறியாமல் நழுவி, மேல்மாடத்துப் படியேறினார். முரசு மண்டபத்துக்குச் செருப்போடு போவது வழக்கமில்லை. மரபு தவறாதவர் அல்லவா? கழற்றி வைத்தார். குச்சியைக் குறிவைத்துப் பாய்ந்தார்.

கீழே மண்டபத்தில் எல்லோரும் திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள். கூரையில் ‘தடதடதட’ என்று சத்தம்.

“மழையா?” என்று அரசர் ஆசையோடு எழுந்தார்.

அம்பலவாணன் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். போன வாய் திரும்பி வந்திருந்தது. “மழை இல்லை அரசே. பூவராகர் மேலே சதிராடுகிறார். ஜதி கொஞ்சம் வேகம்.”

அரசரும் சபையும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்தார்கள். வெறும் செம்பின்மேல் பூவராகர் ஒரு காலைத் தூக்கினால் மறுகால் சுட்டது. மறுகாலைத் தூக்கினால் இந்தக் கால் சுட்டது. முன்னால் போனாலும் செம்பு, பின்னால் போனாலும் செம்பு. தலைப்பாகை அவிழ்ந்து தொங்கியது. “அப்பா! அம்மா! ஐயோ!” என்று குலத்தையே கூப்பிட்டார்.

“பக்கத்தில் தாவுங்கள்! குதிரைக்காரன் துண்டுமேல் தாவுங்கள்!” என்று கீழிருந்து கத்தினான் அம்பலவாணன்.

தாவினார். ஈரத் துண்டின்மேல் இரண்டு காலும் பட்டதும் அவர் முகத்தில் பரவிய சுகத்தை ஊரே பார்த்தது. கண்ணை மூடி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு நெடுமூச்சு விட்டார். அங்கிருந்து நகர அவருக்கு மனமே வரவில்லை.

“அரசே, வெண்ணெயைத் தொட்டுப் பார்ப்பானேன்?” என்றான் அம்பலவாணன். “துணி இல்லாத செம்பு எப்படி, துணி விரித்த செம்பு எப்படி என்று அந்தப் பாதங்களையே கேளுங்கள். இரண்டையும் அனுபவித்தவை இந்த நாட்டிலேயே அவை மட்டும்தான்.”

அரசர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பியபோது காவலன் அம்பலவாணன் வீட்டு வெண்ணெயைக் கொண்டுவந்தான். அதுவும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, இதுவும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அரசர் இரண்டிலும் விரலால் வழித்து நக்கிப் பார்த்துவிட்டு, “உன் வீட்டு வெண்ணெய் ருசி. ஆனால் குளிர்ச்சி ஒன்றுதான். நான் குடிவரவில்லை” என்றார்.

அம்பலவாணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்று சொல்லித் தப்ப முடியாது, மண்டபம் அவ்வளவு குளிர்ச்சி.

“நீ ஏன் அழுகிறாய்?” என்று அரசர் கேட்க, மகள் வந்திருக்கும் செய்தியைச் சொன்னான். அரசர் விரலில் ஒட்டிய வெண்ணெயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “முன்பே சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டேனே. நான் அத்தனை மோசமானவனா?” என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

“தாங்கள் நல்லவர் அரசே. வெயில்தான் கெட்டது.”

அரசர் மனம் தெளிந்து பரிசு அறிவித்தார். “என் மாளிகையைக் குளிர வைத்த உனக்கு ஆற்றங்கரையில் புது வீடு கட்டித் தருகிறேன். என் மாளிகைக்கு இணையாக, செப்புக் கூரையோடு!”

அம்பலவாணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “அரசே, குற்றம் செய்தவர் மேலே நிற்கிறார். தண்டனையை எனக்குக் கொடுக்கிறீர்களே!”

அரசர் மறுபடியும் சிரித்தார். செப்புக் கூரை பிரிக்கப்பட்டுப் பழைய ஓடு ஏறியது. செம்பை வீணாக்க வேண்டாம் என்று, அதன் அழகை முதலில் கண்டவரான பூவராகரின் வீட்டுக்கே வேய்ந்துவிட்டார்கள். தம் வேட்டிகளை அதன்மேல் விரிக்க இனி அவர் யாரிடமும் வழக்குப் பேச வேண்டியதில்லை. காத்தாயிக்குப் பழைய களம் திரும்பக் கிடைத்தது. அம்பலவாணனுக்கு ஒரு கறவைப் பசுவும், பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தந்தம் இழைத்த தொட்டிலும் வந்து சேர்ந்தன.

செங்கமலத்துக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். கத்திரி வெயில் இன்னும் முடியாத ஒரு நாள், குழந்தையைப் பார்க்க அரசர் நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. அதுவும் நட்ட நடுப்பகலில்.

அரசர் உள்ளே நுழைந்தார். கூடத்தில், சேவகர்கள் கூடவே கொண்டுவந்து போட்ட பொன்முலாம் பூசிய மனையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. சந்தனம் மூக்கு வழியே இறங்கியது. அனல் காற்று நாலாபக்கத்திலிருந்தும் அடித்தது. அம்பலவாணன் ஒன்றும் புரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தான். கூடத்துச் சன்னல்கள் அத்தனையும் மல்லாக்கத் திறந்து கிடந்தன. வாசலில் ஈரத்துணியைக் காணோம். குழந்தை தூங்கும் உள்ளறைக் கதவு மட்டும் கவனமாகச் சாத்தியிருந்தது.

அரசர் திறந்த சன்னல்களைப் பார்த்தார். சாத்திய அறையைப் பார்த்தார். கதவோரம் தலைகுனிந்து, பரம சாதுவாக நின்ற செண்பகத்தையும் பார்த்தார்.

“அம்மா, எங்கள் அரண்மனை முரசு இன்னும் ஒலிக்கவில்லையே. உங்கள் வீட்டுச் சன்னல்கள் மட்டும் ஏன் இந்நேரத்தில் திறந்திருக்கின்றன?”

செண்பகம் நிமிரவில்லை. “ராசாவுக்கு இந்த வீடு மறுபடியும் புடிச்சுப் போயிடக் கூடாது பாருங்க” என்றாள்.

அம்பலவாணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அரசரோ தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில், உள்ளறையில் தூங்கிய குழந்தை விழித்து வீறிட்டது. “அம்பலவாணா, என் சபையில் உன்னை வைத்திருப்பது வீண். உண்மையான ஆள் இங்கே அல்லவா இருக்கிறார்!” என்றவர், தம் கழுத்து மாலையைக் கழற்றிச் செண்பகத்துக்கு என்று மனைமேல் வைத்தார். பிறகு தாமே எழுந்து, ஒவ்வொரு சன்னலாகப் போய்ச் சாத்தினார்.